ஊர்விட்டு ஊர் வந்த பலகாரம்

(கும்மிடிப்பூண்டியில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்தபோது, "தொழிற்பேட்டை ஊர் சார், அதுக்குப் பொருத்தமா ஏதாவது பேசுங்க" என்றார்கள். "வீட்டில் செய்கிற பிஸ்கட்டைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நானே இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

இரும்பு காய்ச்சும் ஊரில் வந்து பிஸ்கட்டா என்று உங்களுக்கும் தோன்றலாம். தோன்றட்டும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். பிஸ்கட்டைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் இல்லை.

முதலில் ஒரு கேள்வி. நம் வீடுகளில் இட்லி இருக்கிறது, பொங்கல் இருக்கிறது, பாயசம் இருக்கிறது. சுடச்சுடச் செய்து சுடச்சுடத் தின்ன ஆயிரம் இருக்கிறது. பிறகு எதற்காக ஒருத்தி அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, பாகு காய்ச்சி, எண்ணெய்ச் சட்டி முன்னால் அரை நாள் வெந்து, ஈரமே இல்லாத ஒரு பண்டத்தைச் செய்து டப்பாவில் அடைத்து வைக்கிறாள்? இன்றைக்கே தின்பதற்கா? இல்லை. அது கெடக்கூடாது. ஏன் கெடக்கூடாது? யாரோ ஒருவர் ஊரைவிட்டுப் போகப் போகிறார். பிள்ளை ஹாஸ்டலுக்குப் போகிறான். பெண் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். வீட்டுக்காரர் வேலைக்கு வெளியூர் போகிறார். போகிற கையில் ஒரு டப்பா. பிஸ்கட்டின் கதை என்பது போகிறவர்களின் கதை, ஐயா. வந்தவர்களும் போகிறவர்களுமாக நிறைந்திருக்கிற இந்த ஊரில் அதைப் பேசாமல் வேறெங்கே பேசுவது?

முறுக்கும் அதிரசமும் பிஸ்கட்டா என்று யாராவது எழுந்து கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். மாவு, கொழுப்பு, இனிப்பு, ஈரத்தை விரட்டும் சூடு, இவ்வளவுதான் சங்கதி. ஐரோப்பியன் வீட்டில் ரொட்டி அடுப்பு இருந்தது, அதில் சுட்டான். நம் வீட்டில் வாணலி இருந்தது, அதில் பொரித்தோம். என்னைப் பொறுத்தவரை இரண்டும் பங்காளிகள்தான்.

சரி, பிஸ்கட் என்ற சொல் வந்த வழியைப் பார்க்கப் பழவேற்காட்டுக்குப் போவோம். இங்கிருந்து நேர் கிழக்கே ஏரி. ஏரிக்கரையில் பழவேற்காடு. நீங்கள் பூநாரை பார்க்கப் போயிருப்பீர்கள், இறால் வாங்கப் போயிருப்பீர்கள். அங்கே போர்த்துக்கீசியர் முதலில் வந்தார்கள், 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே. அவர்கள் மொழியில் 'பிஸ்கொய்த்து' என்றொரு சொல். இரண்டு முறை சுட்டது என்பது அதன் மூலப்பொருள். ஒரு முறை சுட்டால் ரொட்டி, மறுபடி சுட்டு ஈரத்தை ஓட்டினால் கப்பலில் மாதக்கணக்கில் தாங்கும். அதுதான் நம் பாட்டிமார் வாயில் 'பிஸ்கோத்து' ஆனது. இன்றைக்கு உதவாக்கரைப் பயலைத் திட்டுவதற்கு அந்தச் சொல் பயன்படுகிறது. கடலைத் தாண்டிவந்த சொல்லுக்கு நாம் கொடுத்த மரியாதை அது!

அடுத்து டச்சுக்காரர்கள், நம் வழக்கில் ஒல்லாந்தர். 1610-இல் வந்தார்கள். 1613-இல் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். இடையிடையே ஆங்கிலேயரிடம் இழந்தும் திரும்பப் பெற்றும் 1825 வரை இருந்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல்! அவர்கள் மொழியில் 'கூக்' என்றால் கேக். நாம் குட்டி நாய், குட்டிக் கத்தரிக்காய் என்று சொல்வதுபோல அவர்கள் சொல்லின் கடைசியில் ஒரு 'யே' சேர்ப்பார்கள். 'கூக்யே', அதாவது குட்டி கேக். இன்றைக்கு உங்கள் பேரப்பிள்ளைகள் கேட்கிற 'குக்கி' அதுதான். ஆனால் அந்தச் சொல் பழவேற்காட்டிலிருந்து நமக்கு வரவில்லை. உலகத்தையே சுற்றிக்கொண்டு வந்தது.

எப்படி? அதே காலத்தில் ஒல்லாந்தரின் இன்னொரு கம்பெனி மேற்கே போய் அமெரிக்காவில் ஓர் ஊரை உண்டாக்கியது. புது ஆம்ஸ்டர்டாம் என்று பெயர் வைத்தது. 1664-இல் ஆங்கிலேயர் அதைப் பிடுங்கி நியூயார்க் என்று பெயரை மாற்றினார்கள். ஊர் பெயரை மாற்றலாம், அடுக்களைச் சொல்லை மாற்ற முடியுமா? கூக்யே அங்கேயே தங்கி குக்கி ஆயிற்று. 1796-இல் அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண்மணி அமெரிக்காவில் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். அமெரிக்கர் எழுதி அமெரிக்காவில் அச்சான முதல் சமையல் புத்தகம் என்று அதைச் சொல்வார்கள். அதில் கிறிஸ்துமஸ் குக்கி ஒன்று இருக்கிறது. மாவில் என்ன போடச் சொல்கிறார் தெரியுமா? கொத்தமல்லித் தூள்! நம் ரசத்துக்குப் போடுகிற அதே கொத்தமல்லி. அதோடு விடவில்லை. மண் பானையில் போட்டு வை, ஆறு மாதம் கழித்துத் தின்றால் இன்னும் நன்றாக இருக்கும் என்கிறார். ஆறு மாதம்! நான் சொல்லவில்லையா, இது இன்றைக்குத் தின்கிற பண்டமே இல்லை.

அந்த 1796-ஐ மறந்துவிடாதீர்கள். மறுபடி வருகிறேன்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் விட்டுப்போனது என்ன? புதர் மண்டிய கோட்டை. எலும்புக்கூடு செதுக்கிய நுழைவாயிலோடு ஒரு கல்லறைத் தோட்டம். அங்கிருந்து எடுத்துப்போனது என்ன? துணி. நம் நெசவாளர்கள் நெய்த துணியைக் கப்பலேற்றி இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து மிளகும் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். துணியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 17-ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் இந்தக் கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றிப்போனார்கள். கையில் டப்பா இல்லாமல், யாரும் எதுவும் கட்டிக்கொடுக்காமல் ஊரைவிட்டுப் போனவர்கள் அவர்கள். கல்லறைத் தோட்டத்தின் வேலைப்பாட்டை வியக்கிறவர்கள் அவர்களையும் ஒரு நிமிடம் நினைக்கலாம்.

இப்போது 1796. அமெரிக்காவில் அந்தப் புத்தகம் வந்த அதே ஆண்டில் ஒல்லாந்தர் கொழும்பை ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தார்கள். அதற்குமுன் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இலங்கையின் கரையோரம் அவர்கள் கையில் இருந்தது, யாழ்ப்பாணம் உட்பட. அவர்கள் போனார்கள், சொல் தங்கியது. அங்கே கூக்யே 'கொக்கிஸ்' ஆயிற்று. சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிஸ் இல்லாமல் சிங்கள வீட்டில் மேசை நிறையாது. பெயர்தான் ஒல்லாந்தப் பெயர். உள்ளே பாருங்கள்: அரிசி மாவு, தேங்காய்ப் பால், நிறத்துக்கு மஞ்சள், பொரிக்க எண்ணெய். ஒல்லாந்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை! பூ வடிவ அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பது. நாம் அச்சு முறுக்கு என்கிறோம், கேரளத்தில் அச்சப்பம், பெரம்பூர், அரக்கோணம் ரயில்வே குடியிருப்புகளின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ரோஸ் குக்கி, இலங்கைத் தமிழர் வீட்டில் அச்சுப் பலகாரம்.

இலங்கைத் தமிழர் வீடு என்றேன். அதற்காக நீங்கள் கடல் தாண்ட வேண்டியதில்லை. இந்த மண்டபத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

1983-க்குப் பிறகும், 1990-க்குப் பிறகும் இலங்கைப் போருக்குத் தப்பிப் படகேறி வந்தவர்கள் இங்கே முகாமில் குடியேறினார்கள். இந்த ஊர் முகாம் தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. 2021-இல் அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்றது. அங்கே ஓர் அம்மாவைச் சில ஆண்டுகளுக்கு முன் பார்த்தேன். எழுபது வயதுக்கு மேல். ஒரு கல்யாண வீட்டுக்காக அச்சுப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார். நான் கதை தேடிப் போன ஆள், சும்மா இருப்பேனா? "இந்த அச்சு படகில் வரும்போது கொண்டுவந்ததா அம்மா?" என்று கேட்டேன். மனசுக்குள் ஒரு கட்டுரையே எழுதிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "உயிரைத்தான் தம்பி கொண்டு வந்தனாங்கள். அச்சு பாரிஸ் கடையில வாங்கினது."

என் கட்டுரை எண்ணெயில் விழுந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பாரிமுனைக் கடையில் அச்சு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதை எப்போது எடுப்பது, எப்போது தோய்ப்பது என்பதை எந்தக் கடையில் வாங்குவது? அவர் சொன்னார்: "அச்சு குளிர்ந்து கிடந்தா மா பிடிக்காது தம்பி. கூடக் காய்ஞ்சாலும் மா கழண்டு விழுந்திடும்." அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சூடு இருக்கிறது. தெர்மாமீட்டர் இல்லை. எண்ணெய்க்குள் அச்சைப் போட்டு வைப்பார், எடுப்பார், ஒரு உதறு உதறுவார், மாவில் முக்கால் பங்குதான் தோய்ப்பார். மேல் விளிம்பு மாவுக்குள் மூழ்கிவிட்டால் பூ அச்சைப் பூட்டிக்கொண்டு கழலவே கழலாது. எண்ணெயில் இறக்கிச் சில நொடி, ஒரு சின்னத் தட்டு, பூ தனியே மிதக்கும். புது அச்சு என்றால் உடனே வேலைக்கு ஆகாது. ஒரு நாள் கஞ்சித் தண்ணீரில் ஊறவேண்டும், பிறகு எண்ணெயில் கிடக்கவேண்டும். அப்படியும் முதல் நாலைந்து பூ ஒட்டிக் கிழியும். அது வீட்டுக் குழந்தைகளுக்கு.

இங்கே வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை செய்கிற தம்பிமார் இருக்கிறீர்கள். நான் சொல்வது உங்களுக்குப் புரிந்திருக்கும். அச்சும் சூடும் ஒத்துப்போகாவிட்டால் வார்ப்பு என்ன ஆகும்? உங்கள் சூப்பர்வைசர் என்ன சொல்வார்? அந்த அம்மாவுக்கு யாரும் ஷிப்ட் அலவன்ஸ் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பூ எங்கெங்கே பூத்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்வீடனிலும் நார்வேயிலும் கிறிஸ்துமஸுக்கு, ஈரானில் விருந்துக்கு. இந்தோனேசியாவில் இதன் பெயருக்கு 'ஆடும் பூ' என்று பொருள், எண்ணெயில் அச்சை ஆட்டி எடுப்பதால். மலேசியாவில் தமிழர் தீபாவளிக்குச் சுடுகிறார்கள், மலாய்க்காரர் பெருநாளுக்குச் சுடுகிறார்கள், சீனர் தங்கள் புத்தாண்டுக்குச் சுடுகிறார்கள். ஒரே பூ, ஒரே எண்ணெய், மூன்று பண்டிகை. நம் ஊரில் இதற்கும் ஒரு சண்டை போட ஆள் கிடைப்பார்கள், அங்கே இல்லை போலும்.

அந்த அம்மா இன்னொரு தட்டையும் நீட்டினார். "அரியதரம்" என்றார். வாயில் போட்டேன். அட, அதிரசத்துக்குத் தங்கை! பெயரைக் கவனியுங்கள். நாம் அதிரசம். யாழ்ப்பாணம் அரியதரம். இங்கிருந்து ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா, அங்கே அரிசெலு. அதே தண்டவாளத்தில் மேலே போனால் ஒடிசா, அங்கே ஆரிசா பிட்டா. இன்னும் போனால் பீகார், அங்கே அனர்சா, மேலே எள் ஒட்டி. ஒரே ரயில் பாதையில் ஒரே குடும்பத்தின் வீடுகள் வரிசையாக இருப்பதுபோல இல்லை?

என் அம்மா பொன்னேரிப் பக்கம். தீபாவளிக்கு மூன்று நாள் முன்பே அதிரசத்துக்குப் பாகு வைப்பார். ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். அரிசி ஊறி, உலர்ந்து, கையில் எடுத்தால் லேசாக ஈரம் தெரியும்போதே இடிக்கவேண்டும். காய்ந்துவிட்டால் போச்சு. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டிப் பார்ப்பார். உருள வேண்டும், ஆனால் கல்லாகக் கூடாது. ஒரு கொதி முந்தினால் எண்ணெயில் கரைந்து போகும். ஒரு கொதி பிந்தினால் சுவரில் ஆணி அடிக்கலாம். அந்த நேரத்தில் வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும் அம்மா திரும்பமாட்டார். ஒருமுறை தபால்காரர் மணியார்டரோடு பத்து நிமிடம் நின்றார். மணியார்டர் காத்திருக்கும், பாகு காத்திருக்காது.

இப்போது பீகாருக்கு வருகிறேன். இந்த ஊர் உருட்டாலைகளில் வேலை செய்கிற பிள்ளைகளில் பலர் பீகார், ஜார்கண்ட், ஒடிசா, அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் அவர்கள் ஊரில் சட் பூஜை. பெண்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒன்றரை நாள் நோன்பிருந்து, ஆற்றில் இறங்கி நின்று, மறைகிற சூரியனுக்கும் மறுநாள் உதிக்கிற சூரியனுக்கும் படைப்பார்கள். உதிக்கிறவனைக் கும்பிட உலகமே இருக்கிறது, மறைகிறவனையும் கும்பிடுகிறார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் படையலில் முக்கியமானது தேக்குவா. கோதுமை மாவு, வெல்லம், நெய், கொஞ்சம் தேங்காய், சோம்பு. பிசைந்து, இலையும் பூவும் செதுக்கிய மர அச்சில் அழுத்தி, நிதானமான தீயில் பொரிப்பது. வாரக்கணக்கில் கெடாது.

ஸ்டேஷன் எதிரே ஒரு டீக்கடையில், பூஜைக்கு ஊர் போய்த் திரும்பிய ஒரு பையன் பையைத் திறந்து எனக்கு ஒன்று கொடுத்தான். "எங்க ஊர் பிஸ்கட், அண்ணா. அம்மா செஞ்சது." முன்பதிவு இல்லாத பெட்டியில் இரண்டு நாள், நெருக்கித் தள்ளும் கூட்டத்தில் நின்றும் குந்தியும் வந்திருக்கிறான். தேக்குவா ஒன்றுகூட உடையவில்லை. மேலே இலையின் நரம்பு அப்படியே இருந்தது. டீக்கடைக்காரர் கண்ணாடி ஜாடியைக் காட்டி, "பட்டர் பிஸ்கட் எடுத்துக்கங்க சார், அது கல்லு மாதிரி இருக்கும்" என்றார். கல்லு மாதிரி இருப்பதால்தானே, ஐயா, அவன் அம்மா கை இங்கே வரைக்கும் வந்து சேர்ந்தது?

அந்தப் பையனிடம், "நீ செய்வாயா?" என்று கேட்டேன். வெட்கப்பட்டான். அச்சு வீட்டில் இருக்கிறது, தங்கைக்குத் தெரியும் என்றான். இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வேலைக்கு ஊர் தாண்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பலகாரம் தெரிந்த கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். நாம் பிள்ளைகளுக்கு டப்பாவைக் கட்டிக்கொடுத்தோம், பாகுப் பதத்தைக் கட்டிக்கொடுக்கவில்லை. இது பீகாருக்கு மட்டும் சொல்வதல்ல. என்னையே சொல்கிறேன். அம்மா அதிரசம் சுட்டபோது நான் செய்த ஒரே வேலை, இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயை அழுத்தி எடுப்பது. அதையும் தின்பதற்காகத்தான் செய்தேன்.

சுடாமல் பொரிக்கிறோம் என்று சொன்னேன் அல்லவா? சுட்டதும் உண்டு. வயதானவர்களுக்கு நினைவிருக்கும். வீட்டில் ரொட்டி அடுப்பு கிடையாது. பண்டிகைக்கு மைதா, சர்க்கரை, டால்டா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, காலி எண்ணெய் டின்னையும் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போவோம். கூலி கொடுத்தால் பிசைந்து, வெட்டி, விறகுச் சூளையில் சுட்டு, டின்னில் அடுக்கித் தருவார்கள். ஒரு வருடம் அம்மா பெருமையாக டால்டாவுக்குப் பதில் வீட்டு நெய் கொடுத்தனுப்பினார். எந்த பேக்கரி என்று கேட்காதீர்கள். டின் வீட்டுக்கு வந்தது. அம்மா ஒன்றை உடைத்து முகர்ந்து பார்த்தார். பேசவில்லை. நெய் வாசனை எங்கள் டின்னில் இல்லை, பக்கத்துத் தெருவில் இருந்தது! அந்தப் பண்டிகைக்கு அந்தத் தெரு முழுக்க எங்கள் வீட்டு நெய் மணத்தது. அடுத்த வருடம் முதல் அம்மா வாணலியில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, தட்டை உள்ளே வைத்து மூடி, மூடிமேல் தணலைப் பரப்பி வீட்டிலேயே நெய் பிஸ்கட் சுட ஆரம்பித்தார். மேலே வெடித்து, கீழே கொஞ்சம் கருகி இருக்கும். அந்தக் கருகலுக்கே எங்களுக்குள் அடிதடி.

அந்த நெய் பிஸ்கட்டுக்கு வடக்கே நான்கட்டாய் என்று பெயர். சூரத்தில் ஒல்லாந்தருக்காக ரொட்டி சுட்ட அடுப்பு பார்சிக்காரர் கைக்கு வந்து, அங்கிருந்து பிறந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பார்த்தீர்களா, எங்கே தொட்டாலும் ஒல்லாந்தர் வந்து நிற்கிறார்கள். பழவேற்காட்டில் கல்லறையாக, கொழும்பில் கொக்கிஸாக, நியூயார்க்கில் குக்கியாக, சூரத்தில் சூளையாக.

நேரமாகிவிட்டது. வாட்சைப் பார்க்கிறவர்களை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இரவு ஷிப்ட் போகிறவர்கள் கிளம்ப வேண்டும். பின்னால் மேசையில் நான்கு தட்டு வைத்திருக்கிறார்கள். முகாமிலிருந்து வந்த அச்சுப் பலகாரம், இதழைப் பிடித்துத் தூக்காதீர்கள், உடையும், நடுவில் பிடியுங்கள். ஆரம்பாக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை கொண்டுவந்த அரிசெலு. என் தங்கை சுட்ட அதிரசம், பாகு ஒரு கொதி பிந்திவிட்டது, அவளிடம் சொல்லவேண்டாம். கடைசித் தட்டில் தேக்குவா. பல் ஆடுகிறவர்கள் அதை டீயில் ஊறவைத்துச் சாப்பிடுங்கள். டீ வந்துவிட்டது.